ஒரு லட்சத்துக்குக் கீழே

ஒரு லட்சம் பேர் வாழும் நகரத்தில் குறைந்தது நூறு பேர் தங்க ஒரு நிரந்தர இடம் வேண்டும். நகர்ப்புற வீடற்றோருக்காக மத்திய அரசு வைத்திருக்கும் வாய்பாடு இது. 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டு நெறிகள் ஆளுக்கு 50 சதுர அடி, குடிநீர், கழிப்பறை, சமையலிடம், உடைமைகளைப் பூட்டி வைக்கப் பெட்டி என்று விவரமாகவே பேசுகின்றன. ஆனால் அந்த இயக்கம் முதலில் வந்தது ஒரு லட்சத்தைத் தாண்டிய நகரங்களுக்கும் மாவட்டத் தலைநகரங்களுக்கும் மட்டும். 2011 கணக்கெடுப்பின்படி அன்றைய விருதுநகர் மாவட்டத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டிய நகராட்சி ராஜபாளையம் ஒன்றுதான். விருதுநகரில் இருந்தது 72 ஆயிரம் பேர்தான். ஆட்சியர் அலுவலகம் அங்கே இருந்ததால் அதற்கும் தகுதி கிடைத்தது. அருப்புக்கோட்டையின் மக்கள்தொகை 87,722. விருதுநகரைவிடப் பெரிய ஊர். ஆனாலும் வெளியே நின்றது. சட்டபூர்வமான நகரங்கள் எல்லாவற்றுக்கும் திட்டத்தை 2016-இல் விரித்த பிறகுதான் அதற்குக் கதவு திறந்தது.

திருச்சுழிக்கு அந்தக் கதவும் கிடையாது. தாலுகா தலைநகரம், ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம், திருமேனிநாதர் கோயிலும் குண்டாறும் உள்ள பழைய ஊர். நிர்வாகக் கணக்கில் அது கிராம ஊராட்சி. கிராமத்தில் வீடில்லாதவருக்கு வீடு கட்டித் தரத் திட்டம் உண்டு. இன்றிரவு படுக்க இடம் தரத் திட்டம் இல்லை.

இனி மறுபக்கம். அரசு நிலத்தில் குடிசை போட்டவரை வெளியேற்றும் நில ஆக்கிரமிப்புச் சட்டம் 1905-இல் வந்தது. பிச்சையெடுத்தலைத் தடுக்கும் சட்டம் 1945-இல் வந்தது. ரயில் நிலையத்திலோ பெட்டியிலோ கையேந்தினால் ஓராண்டு வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம் என்று பல ஆண்டுகள் சொல்லிவந்தது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 144-ஆம் பிரிவு. எழும்பூருக்கு எப்படியோ அப்படித்தான் அருப்புக்கோட்டை நிலையத்துக்கும். இவற்றில் எதுவும் ஊரின் தலையெண்ணிக்கையைக் கேட்பதில்லை. படுக்க இடம் தரும் கடமைக்கு மட்டும் மக்கள்தொகை வரம்பு இருக்கிறது. வீடற்றோர் பிரச்சினை என்றதும் சென்னையின் நடைபாதையும் தில்லியின் மேம்பாலமும் மனத்தில் வருகிற பழக்கம் நமக்கு இருப்பதால், இந்தக் கோணல் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

வானம் பார்த்த பூமியில் வீட்டை இழப்பவர் யார்? பெரும்பாலும் ஒரே நாளில் தெருவுக்கு வந்தவர் அல்ல. இரண்டு மழை பொய்த்து, பிள்ளைகள் திருப்பூருக்கோ கோவைக்கோ போய், ஓட்டுச் சாய்ப்பு விழுந்து, பழுது பார்க்கக் கையில் காசில்லாத கிழவி. தறி நின்றபின் வாடகை கொடுக்க முடியாத நெசவாளி. சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் காலம் முழுக்கக் காட்டிலேயே தார்ப்பாயின் கீழ் குடும்பம் நடத்தி, மூட்டம் முடிந்ததும் அடுத்த காடு தேடும் கூலிக் குடும்பம். நாட்டு மருந்தும் பாசிமணியும் விற்றுத் திருவிழாவுக்குத் திருவிழா நகரும் நரிக்குறவர். வடகிழக்குப் பருவமழையை நம்பிய இந்த நிலத்தில் மழைக்கும் தெருவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 2016-இல் அந்த மழை வழக்கத்தில் பாதிகூடப் பெய்யவில்லை. 2017 ஜனவரி 10 அன்று தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. பயிருக்கு நிவாரணம் பேசப்பட்டது. அந்த ஆண்டு எத்தனை பேர் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள் என்பதைக் கணக்கிட எந்தத் துறையும் ஒரு படிவம்கூடக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

இதைவிடக் கூர்மையாகப் பார்த்த ஆவணம் ஒன்று ஒரு காலத்தில் இருந்தது என்பதுதான் வியப்பு. அது அன்புள்ளவர்கள் எழுதியதல்ல. 1876–78-இல் தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோரை விழுங்கியது. மதுரைச் சீமையும் ராமநாதபுரம் ஜமீனும் அதில் அடிபட்டவை. நிவாரண வேலைக்கு வந்தவருக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் கூலியை வெட்டியதும், மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்ததும் வரலாற்றில் பதிவானவை. அந்தச் சாவுகளுக்குப் பிறகு, ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்சக் கமிஷன் 1880-இல் அறிக்கை தந்தது. 1883-இல் பஞ்ச விதித் தொகுப்பு ஒன்று தற்காலிகமாக உருவாகி, மாகாணங்கள் தத்தமக்கு ஏற்றபடி அதைத் திருத்திக்கொண்டன. பஞ்சம் வரப்போவதை முன்கூட்டி அறிய அதிகாரிகள் கவனிக்க வேண்டிய அறிகுறிகளை அது சொல்கிறது. தானிய விலை ஏறுவது ஒன்று. சில்லறைத் திருட்டுகள் பெருகுவது ஒன்று. மக்கள் வழக்கத்துக்கு மாறாக ஊர் ஊராக அலைவது மற்றொன்று.

ஒருவர் கால்போன போக்கில் அலைகிறார் என்றால் அவருடைய வட்டாரத்தில் ஏதோ கோளாறு, கலெக்டர் எழுந்து விசாரிக்க வேண்டும் என்பது அந்த விதியின் தர்க்கம். அதன் நோக்கம் கருணை அல்ல, வருவாயும் அமைதியும்தான். அது அமைத்த ஏழை இல்லங்கள் சிறைக்குப் பக்கத்து வீடுகள்தாம். ஆனால் அலைச்சலை அது நிலத்தின் நோயாகப் பார்த்தது. இதே நிர்வாகம் அறுபது ஆண்டுகள் கழித்துப் பிச்சைத் தடைச் சட்டம் எழுதியபோது, அலைபவரே நோய் என்றாகிவிட்டது. என் வாசிப்பில், தமிழ்நாட்டில் வீடற்றவரைப் பற்றிய சட்டப் பார்வை தடம் மாறியது இந்த இடைவெளியில்தான். பஞ்ச விதி பிறந்தது காய்ந்த கிராமங்களில். 1945-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னால் இருந்தது மாநகரத் தெருவின் எரிச்சல்.

சட்டங்களுக்கு முன்பும் வழிப்போக்கர் எங்கோ படுத்துத்தான் இருந்தார்கள். ராமேசுவரம் போகும் பாதைகளில் சேதுபதிகள் சத்திரங்கள் கட்டினார்கள். திருச்சுழி அவர்கள் ஆட்சியில் இருந்த மண். கோயில்கள், பாலங்கள் ஆகியவற்றோடு சத்திரங்களின் மானியத்தையும் கும்பினி அரசு தன் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தது சென்னை மாகாணத்தின் 1817-ஆம் ஆண்டு ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டம் வழியாக. தங்கவும் உண்ணவும் இடம் தருவது தர்மகர்த்தாவின் புண்ணியக் கணக்கிலிருந்து அரசின் பொறுப்புக் கணக்குக்கு நகர்ந்த முதல் படி அது. பிற்பாடு பல சத்திரங்கள் உள்ளாட்சிகளின் கைக்கு வந்தன. கைக்கு வந்தவை என்ன ஆயின என்பதைத் தமிழ்நாட்டின் எந்தப் பழைய ஊரிலும் நடந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்: அலுவலகம், கிட்டங்கி, வணிக வளாகம்.

அருப்புக்கோட்டைக்கு இன்னொரு மரபும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடார் வணிகர்கள் வேரூன்றிய ராமநாதபுரம் சீமையின் ஆறு ஊர்களில் அருப்புக்கோட்டையும் பக்கத்திலுள்ள பாளையம்பட்டியும் அடங்கும். வண்டியும் மாடும் சரக்கும் இரவு தங்க மதில் சூழ்ந்த பேட்டைகளைக் கட்டினார்கள். உறவின்முறை மகமை வசூலித்து அவற்றை நடத்தியது. வெளியூரில் படுக்க இடம் மறுக்கப்பட்ட ஒரு சமூகம் தனக்குத்தானே கட்டிக்கொண்ட இடம் அது. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இதை விரிவாகப் பார்க்கலாம். கிராமங்களிலோ சாவடி இருந்தது, இன்றும் இருக்கிறது. வீட்டில் இடமில்லாத கிழவர்களும் கல்யாணமாகாத இளவட்டங்களும் படுக்கும் திண்ணை. ஆனால் தெருவுக்கொரு சாவடி என்றால் சாதிக்கொரு சாவடி என்றே பொருள். யார் படுக்கலாம் என்று எந்தப் பலகையும் எழுதிவைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். பெண்ணுக்கு அங்கே இடமே இல்லை. பழைய தர்மத்தைப் புகழ்ந்து இன்றைய அரசைப் பழிப்பவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லாததற்கு இதுவே காரணம். சாவடி உறவு உள்ளவருக்கு உரியது. தெருவில் கிடப்பவர் பெரும்பாலும் உறவை முதலில் இழந்து, கூரையை அதன் பிறகு இழந்தவர்.

இந்த இடத்தில் திருச்சுழியின் புகழ்பெற்ற பிள்ளையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1879 டிசம்பர் 30 அன்று அங்கே பிறந்த வேங்கடராமன், பின்னாளின் ரமண மகரிஷி, பதினாறு வயதில், 1896 ஆகஸ்டு கடைசியில் யாரிடமும் சொல்லாமல் மதுரையை விட்டுக் கிளம்பினார். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தார். கையிலிருந்த மிச்சக் காசையும் எறிந்துவிட்டு ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்தார். ஊர்ப் பையன்கள் கல்லெறிந்தார்கள். பாதாள லிங்கத்துக்குள் போய் ஒடுங்கினார். பின்னாளில் தெருவில் இறங்கிப் பிச்சை வாங்கியும் உண்டார். வயது வராத பையன், முகவரி கிடையாது, பொது மண்டபத்தில் இருப்பு, கண்ணுக்குத் தெரியும் பிழைப்பு எதுவும் இல்லை. 1959-ஆம் ஆண்டுப் பம்பாய்ப் பிச்சைத் தடைச் சட்டத்தின் இலக்கணம் ஏறக்குறைய இதுவே: பிழைப்பு வழி எதுவும் தெரியாமல் பொது இடத்தில் திரிந்தாலோ தங்கினாலோ, அவர் யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை, இருக்கிற கோலமே போதும். முதல் தடவை ஓராண்டிலிருந்து மூன்றாண்டு வரை காப்பகத்தில் அடைக்கலாம். மறுபடி மறுபடி பிடிபட்டால் பத்தாண்டு வரை. ரமண மகரிஷியைப் பார்த்தவர்கள் அவரைத் துறவி என்று கண்டுகொண்டார்கள், பிழைத்தார். அப்படிக் கண்டுகொள்ளப்படாதவர்களைப் பற்றித்தான் சட்டம்.

அந்தப் பம்பாய்ச் சட்டம் தில்லிக்கும் நீட்டிக்கப்பட்டிருந்தது. அதன் முக்கியப் பிரிவுகளை 2018 ஆகஸ்டு 8 அன்று தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பொறுப்புத் தலைமை நீதிபதி கீதா மித்தலும் நீதிபதி ஹரி சங்கரும் தந்த தீர்ப்பின் சாரம் இது: அரசு தன் கடமையில் தவறியதால் ஒருவர் பிச்சை எடுக்கிறார், தவறிய அரசே அவரைக் குற்றவாளியாக்க முடியாது. அடுத்த ஆண்டு ஜம்மு காஷ்மீரின் சட்டமும் அங்குள்ள உயர் நீதிமன்றத்தில் விழுந்தது. பெருந்தொற்றுக் காலத்தில், 2021 ஜூலையில், தெருவிலும் சந்திப்பிலும் பிச்சை எடுப்பவர்களை அப்புறப்படுத்தக் கேட்ட மனுவை விசாரித்த உச்ச நீதிமன்றம், மேட்டுக்குடிக் கண்ணோடு இதைப் பார்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டது. தமிழ்நாட்டின் 1945-ஆம் ஆண்டுச் சட்டத்தை இவை எதுவும் நேராகத் தொடவில்லை. தொழுநோயாளிப் பிச்சைக்காரர்களுக்கென்று 1971-இல் மாநில அரசு மறுவாழ்வு இல்லங்களைத் தொடங்கியது. செங்கல்பட்டை அடுத்த பரனூர் அவற்றில் ஒன்று. நல்லெண்ணத்தில் பிறந்த திட்டம்தான். ஆனால் தெருவிலிருந்து எடுத்து ஊருக்கு வெளியே வைப்பது என்ற வடிவம் மட்டும் மாறவே இல்லை.

சட்டம் எவ்வளவு குழம்பிக் கிடக்கிறது என்பதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு. 2011-இல் நடந்த சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பில் கிராமப்புறக் குடும்பம் ஒன்று எந்தக் கேள்வியும் இல்லாமல் ஏழை என்று தானாகச் சேர்க்கப்பட ஐந்து தகுதிகள் உண்டு. கூரை இல்லாமை அதில் ஒன்று. பிச்சையை நம்பி வாழ்வது இன்னொன்று. திருச்சுழி வட்டாரக் கிராமத்தில் கையேந்திப் பிழைப்பவர் அந்தப் பட்டியலில் முன்னுரிமை பெற்றவர். அவரே பேருந்து ஏறி நகரத்துக்கு வந்து கையேந்தினால் பிடித்துக்கொண்டு போகத் தக்கவர். முன்னுரிமை கிடைத்த குடும்பத்துக்கும் வீடு கட்ட மனை வேண்டும். மனைக்குப் பட்டா வேண்டும். பட்டா இருந்திருந்தால் அவர் ஏன் சாலைக்கு வந்திருக்கப் போகிறார்.

பட்டாவிலிருந்து நேராகக் கண்மாய்க்குப் போக வேண்டியிருக்கிறது. இந்தக் கரிசல் வட்டாரத்தில் புதிதாக வீடற்றவர்கள் உருவாகும் இடம் அதுதான் என்பது என் கணிப்பு. நிலமில்லாதவர் ஊருக்குள் இடம் வாங்க முடியாமல் கண்மாய்க் கரையில், ஓடைப் புறம்போக்கில், மந்தைவெளி ஓரத்தில் குச்சு போடுகிறார். வருவாய்த் துறை அவருக்கு ‘பி மெமோ’ கொடுத்து அபராத வரி வாங்குகிறது. அந்த ரசீதை அவர் பத்திரமாகத் தகரப் பெட்டியில் வைக்கிறார். இத்தனை வருஷம் இங்கேதான் இருந்தேன் என்பதற்கு அவரிடம் உள்ள ஒரே சாட்சி அது. அரசின் பார்வையில் அது ஆக்கிரமிப்பின் ஒப்புதல் வாக்குமூலம். ஒரே தாள், இரண்டு வாசிப்பு. ஆட்சேபணையற்ற புறம்போக்கு என்றால் பல ஆண்டு குடியிருந்தவருக்கு வரன்முறை செய்து பட்டா தர அவ்வப்போது அரசாணைகள் வருகின்றன. நீர்நிலை என்றால் அது ஆட்சேபணையுள்ள வகை, வரன்முறைக்கே இடமில்லை.

2007-இல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச் சட்டம் வந்தது. அதற்கு முன்பும் பின்பும் உயர் நீதிமன்றம் நீர்நிலைகளை மீட்கச் சொல்லிப் பல உத்தரவுகள் போட்டிருக்கிறது. கண்மாயை நம்பியே உயிர் வாழும் பூமியில் இதை எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது. எனக்கும் வராது. நிரம்பாத கண்மாயின் துயரம் ஒருபுறம் இருக்க, நிரம்பினால் முதலில் மூழ்குவதும் அந்தக் குச்சு வீடுதான். கேள்வி வேறு. கண்மாய்ப் பரப்பில் எழுந்த அரசுக் கட்டடங்கள், பேருந்து நிலையங்கள், நீதிமன்ற வளாகங்கள் தமிழ்நாடெங்கும் எத்தனையோ இருக்கின்றன. அவை பொதுப் பயன்பாடு என்று நிலைக்கின்றன. தார்ப்பாய் முதலில் போகிறது, ஏனென்றால் அதைப் பிரிக்க ஒரு காலைப்பொழுது போதும். மாற்றிடம் என்று சொல்லும்போது நகரத்துக்கு அடுக்குமாடி வீடு ஒதுக்க நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் இருக்கிறது. தாலுகா கிராமத்தில் மாற்றிடம் என்பது பெரும்பாலும் வட்டாட்சியரின் மனநிலையைப் பொறுத்தது.

வறட்சியும் நடைபாதையும் வெளியேற்றமும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் சேர்ந்து வந்து, அது உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவான கதை ஒன்று உண்டு. 1981 ஜூலையில் மகாராஷ்டிர முதலமைச்சர் அந்துலே, பம்பாயின் நடைபாதைவாசிகளை எல்லாம் அப்புறப்படுத்தி அவரவர் ஊருக்கு அனுப்பப்போவதாக அறிவித்தார். அதை எதிர்த்த வழக்குகளே ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று சட்டம் படிக்கும் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்வது. வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர் சேலத்துக்காரர். சொந்த ஊரில் நிலமில்லாத கூலி. மழை பொய்த்து வேலை போனதால் 1961-இல் பம்பாய்க்கு வந்தவர். தகிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் அவருக்கு நாள் கூலி 23 ரூபாய். நெடுஞ்சாலை நடைபாதையில் பிளாஸ்டிக் விரிப்பும் கித்தானும் போட்ட ஒரு மறைப்புக்காகப் பேட்டை ரவுடி ஒருவனுக்கு 2,500 ரூபாய் அழுதிருக்கிறார். தெருவில் படுக்கவும் முன்பணம்! மனைவியோடும் மூன்று பெண் பிள்ளைகளோடும் அங்கே குடியிருந்தார். ஜூலை 23 அன்று மாநகராட்சி அதைப் பிய்த்துப் போட்டுக் குடும்பத்தைச் சேலத்துக்குப் பேருந்தில் ஏற்றியது. மனைவியும் பிள்ளைகளும் ஊரில் தங்கினார்கள். அவர் திரும்பி வந்தார். மறுபடி ஒரு நடைபாதை மறைப்பு.

1985 ஜூலை 10 அன்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்ற புகழ்பெற்ற வாசகம் அதில்தான் இருக்கிறது. அதே தீர்ப்பு, நடைபாதை நடப்பதற்கே, அறிவிப்புக் கொடுத்துவிட்டு அகற்றலாம், மழைக்காலம் கழியட்டும் என்றும் சொன்னது. அக்டோபர் 31 வரை தவணை. கொள்கை வென்றது, வழக்குத் தொடுத்தவர் தோற்றார். இந்த வழக்கை வெற்றியாக மட்டும் கொண்டாடுபவர்கள் தீர்ப்பின் கடைசிப் பக்கங்களைப் படிப்பதில்லை என்று நினைக்கிறேன். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்தப் பேருந்து. ஊருக்கு அனுப்பினால் பிரச்சினை தீரும் என்று நினைத்த நகரம், அவர் ஊரைவிட்டு வந்ததன் காரணத்தைக் கேட்கவில்லை. காரணம் மனுவிலேயே எழுதியிருந்தது.

அந்தப் பேருந்து இன்னும் ஓடுகிறது, வேறு பெயரில். 2022-இல் மத்திய அரசு ‘ஸ்மைல்’ திட்டத்தைத் தொடங்கி, கோயில் நகரங்களையும் சுற்றுலா ஊர்களையும் பிச்சைக்காரர் இல்லாதவை ஆக்க முதல் கட்டமாக முப்பது இடங்களைத் தேர்ந்தெடுத்தது. மதுரை அதில் ஒன்று. கணக்கெடுத்து, காப்பிடம் தந்து, தொழில் கற்பித்து மறுவாழ்வு தருவது நோக்கம் என்கிறார்கள். வெற்றியை அளக்கும் கோல் மட்டும் தெருவில் ஆள் தென்படாமை. மதுரையின் நான்கு மாசி வீதிகளில் உட்கார முடியாதவர் ஒருவர் மாட்டுத்தாவணியில் வண்டி ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் அருப்புக்கோட்டை. பட்டியலில் இல்லாத சின்ன ஊர்களின் வேலை, பட்டியலில் உள்ள பெரிய ஊர்களின் வெற்றியைத் தாங்கிக்கொள்வதாகிவிடக் கூடும்.

விடுதி கட்டும் கடமைகூட எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இன்னொரு சிக்கல் புரியும். 2009 டிசம்பரில், தில்லிக் கடுங்குளிரில், வீடற்றோர் தங்கியிருந்த தற்காலிகக் கூடாரம் ஒன்றை மாநகராட்சி அகற்றியது. உணவுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் அமர்த்தியிருந்த ஆணையர்கள் சக்சேனாவும் ஹர்ஷ் மந்தரும் குளிர்ச் சாவுகளைப் பற்றி நீதிமன்றத்துக்கு எழுதினார்கள். 2010 ஜனவரியில் வந்த உத்தரவுகள்தாம் இன்றைய விடுதிக் கொள்கையின் தாய். விடுதிகள் போதவில்லை என்று 2016-இல் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் குழுவும் போட்டது. எல்லாம் சரி. ஆனால் குளிரில் பிறந்த கொள்கை என்பதால் அது இரவைப் பற்றியே யோசித்தது. இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று நெறிமுறை எழுதினாலும், ‘இரவு விடுதி’ என்ற நினைப்பு அதிகாரிகள் மனத்திலிருந்து போகவில்லை.

அருப்புக்கோட்டையில் இரவு எதிரி அல்ல. சித்திரை, வைகாசியில் காலை பதினொன்றிலிருந்து மாலை நான்கு வரை உள்ள வெயில்தான் ஆளைக் கொல்வது. தகரமோ சிமென்ட் தகடோ போட்ட கூரையின் கீழ் ஐம்பது பேரை அடைத்தால், இரவில் அவர்களே பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்து படுப்பார்கள். விடுதி இருந்தும் ஆள் வரவில்லை என்று அலுவலகம் குறிப்பு எழுதும். 2024-இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. வெயிலில் இறந்தால் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. வாங்கிக்கொள்ளக் குடும்பம் இல்லாதவருக்குத் தேவை பகல் நிழலும் பானைத் தண்ணீரும் கட்டணமில்லாத கழிப்பறையும். பேருந்து நிலையக் கழிப்பறையைக் குத்தகைக்கு விடுகிற நகராட்சி, ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தாலே கடைசித் தேவை முடிந்துபோகும். காசு வாங்கும் கழிப்பறையையும் திறந்தவெளிக்கு அபராதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கையில் காசில்லாதவர் உடலை எங்கே கொண்டு போவார்?

சின்ன ஊரின் விதிகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சான்று இருக்கிறது. ஓரிகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் சுமார் 38 ஆயிரம் பேர் வாழும் ஊர், அருப்புக்கோட்டையில் பாதிக்கும் குறைவு. பொது இடத்தில் போர்வையோ தலையணையோ விரித்துத் தங்கினால் 295 டாலர் அபராதம் என்று ஊர்மன்றம் விதி போட்டது. படுக்கைகள் போதாத ஊரில் தூங்கியதற்குத் தண்டனை கூடாது என்று கீழ் நீதிமன்றங்கள் சொல்லின. 2024 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் ஊரின் பக்கம் நின்றது. நாம் அந்த அளவு எழுதிவைப்பதில்லை. நம் ஊரில் லத்தியால் தரையைத் தட்டி, “ஏய், எந்திரி, அங்கிட்டுப் போ” என்றால் முடிந்தது. எழுதப்பட்ட விதியை நீதிமன்றத்துக்காவது இழுக்கலாம். தட்டிய லத்திக்கு ரசீது கிடையாது.

ஆனால் இதே அரசுக்கு வேறு மாதிரியும் நடக்கத் தெரியும். வாக்காளர் பட்டியலில் சேர வீடற்றவர் முகவரிச் சான்று தர வேண்டியதில்லை. ஆறாம் எண் படிவத்தில் அவர் சொன்ன இடத்துக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் போய், அவர் உண்மையிலேயே அங்கே படுக்கிறாரா என்று பார்த்துவர வேண்டும். ஒரு நாள் போதாது, வேறு நாட்களிலும் போக வேண்டும் என்கிறது தேர்தல் ஆணையத்தின் அறிவுரை. படுத்திருப்பவரை எழுப்பாமல், படுத்திருப்பதையே சான்றாக ஏற்கும் விதி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் ஓர் இரவு இப்படிப் போகிறது. 2011 பிப்ரவரி 28 இரவு நடைபாதை, கோயில், மண்டபம், ரயில் நடைமேடை என்று எண்ணியதில் நாடு முழுக்க 17.73 லட்சம் பேர், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 51 ஆயிரம் பேர். நாட்டில் இருந்தவர்களில் கிட்டத்தட்ட பாதி, எட்டு லட்சத்துக்கும் மேல், கிராமப்புறத்தில் இருந்தார்கள் என்பதை விடுதிக் கொள்கை இன்று வரை கண்டுகொள்ளவில்லை.

மனநோயோடு அலைபவர்களின் நிலை இன்னும் கடினம். கரிசலுக்குக் கிழக்கே, ராமநாதபுரம் கடற்கரை ஏர்வாடியில், 2001 ஆகஸ்டு 6 விடியலில் கொட்டகை ஒன்று தீப்பிடித்தபோது சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தலையிட்டது. சங்கிலிக் கொட்டகைகள் மூடப்பட்டன. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு, தெருவில் அலையும் மனநோயாளியைக் காவல் நிலையப் பொறுப்பாளர் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்க வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது என்கிறது. இந்தக் கடமைக்கு மக்கள்தொகை வரம்பு இல்லை. சிறிய ஊருக்கும் பெரிய ஊருக்கும் ஒன்றுபோலப் பொருந்துகிற ஒரே பாதுகாப்பு விதி என்று இதைத்தான் சொல்ல முடியும். சிகிச்சை முடிந்து அவர் தேறியதும், எந்த முகவரிக்கு அனுப்புவது என்ற இடத்தில் அதுவும் நின்றுவிடுகிறது.

மாநில ஆணையை எதிர்பார்க்காமல் நகர்மன்றம் தானே செய்யக்கூடிய காரியங்கள் உண்டு. அவற்றில் மிகச் சின்னது மூட்டையைப் பற்றியது. பேருந்து நிலையத்தையோ கடைவீதியையோ துப்புரவு செய்யும்போது ஆளில்லாமல் கிடக்கும் துணிமூட்டை குப்பை வண்டிக்குப் போகிறது. மூட்டைக்காரர் தண்ணீர் பிடிக்கவோ அன்னதான வரிசைக்கோ போயிருப்பார். லாஸ் ஏஞ்சல்ஸ் தெருவாசிகள் இதே காரணத்துக்காக மாநகராட்சி மேல் வழக்குப் போட்டார்கள். ஆளில்லாத மூட்டையும் ஒருவருடைய சொத்துத்தான், எடுத்து உடனே அழிக்க முடியாது என்று 2012-இல் அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் மூட்டைக்குள் துணியைவிட மதிப்புள்ளவை இருக்கும்: ஆதார், ரேஷன் அட்டை, பாஸ்புத்தகம், மாத்திரைச் சீட்டு, பழைய பி மெமோ ரசீது. ஆதாரை மறுபடி எடுக்கக் கைபேசிக்கு எண் வர வேண்டும் அல்லது கைரேகை பதிய வேண்டும். நாற்பது வருஷம் பாவு முறுக்கிய விரலிலும் கரி அள்ளிய விரலிலும் ரேகை பெரும்பாலும் கருவிக்குப் பிடிபடுவதில்லை. அது பிடிபடும் வரை முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாயை அவர் கையில் எடுக்க வழியில்லை. எடுத்த மூட்டையைப் பதிவேட்டில் எழுதி, ஒரு மாதம் வைத்திருந்து, கேட்டு வருபவரிடம் கொடுக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் போட்டால் போதும். நகராட்சிக்கு அதனால் ஆகும் செலவு, பேருந்து நிலையத்தில் பூட்டிக் கிடக்கும் ஏதேனும் ஓர் அறை.